நாற்றம் வராத காலை

பிள்ளைகள், இன்று அடுப்பில் முட்டைக்கோவா அளவுக்கு மிஞ்சி அவிந்தபோது நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினீர்கள். எனக்கோ, ரொறன்ரோவுக்கு வெகு வடக்கே, காட்டுக்குள் நான் வளர்ந்த அந்தக் கடதாசி ஆலை ஊர் நினைவுக்கு வந்தது. இப்போது ஆலையும் இல்லை, ஊரும் கலைந்துவிட்டது.

ஆலை ஓடினால் போர்வை, பள்ளிக்கூடப் புத்தகம், சோறு என்று எல்லாவற்றிலும் இந்த நாற்றம்தான், அம்மா சாம்பிராணி போட்டுப் போட்டு அலுத்துப்போவார். ஆனால் அங்கே வேறு வேலை கிடையாது. ஆலை நின்றால் அப்பாவின் சம்பளமும் நின்றுவிடும்.

ஒருநாள் விடிய நாற்றம் வரவில்லை. அம்மா வாசலில் நின்று திரும்பத் திரும்ப முகர்ந்து பார்த்தார். இரவு வேலை முடித்து அப்பா வந்ததும், "இஞ்சேருங்கோ, ஒண்டும் மணக்கேல்லை. பூட்டிப்போட்டாங்களோ?" என்றார்.

அப்பா சப்பாத்தைக் கழற்றியபடி சிரித்தார்.

"மெசின் ஓடுது. காத்தெல்லோ மற்றப் பக்கம் திரும்பியிருக்கு. உமக்கு நாறினாலும் கரைச்சல், நாறாட்டிலும் கரைச்சல்."

அம்மா பெருமூச்சு விட்டுப் படியில் அப்படியே இருந்துவிட்டார். பிறகு, காற்று மறுபடி எங்கள் பக்கம் திரும்புவதற்கு முன் என்று, வீட்டிலிருந்த சேலை, போர்வை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வெளிக் கொடிக்கு ஓடினார்.