வீடு காலி செய்ய நல்ல நாள்

எங்கள் அப்பாவுக்காகக் கோர்ட்டில் வாதாடிய வங்காளி வக்கீல் எந்த வழக்கிலும் ஜெயித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் காளிகாட்டில் வாடகைக்கு இருந்த ஏழைபாழைகள் அவரிடம்தான் போவார்கள். அவர் பீஸ் கேட்கமாட்டார்.

எங்களுக்கு நோட்டீஸ் வந்தது ஆட்டுக்கல்லால். கீழே வீட்டுக்காரர் குடித்தனம், மாடியில் நாங்கள். விடியற்காலையில் அம்மா மாவரைத்தால் தன் தலைமேல் ரயில் ஓடுகிறது என்று அவர் அலிப்பூர் கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார். அந்த மனுஷன்மேல் எனக்கு இன்றும் கோபம் முழுக்கத் தணியவில்லை. அப்பா ஒரு கம்பெனியில் டைப் அடிப்பவர். சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரி. அம்மாவுக்கு அப்போது எட்டு மாதம். பிரசவத்துக்கு ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான் எங்கள் கட்சி. அதைச் சட்டத்தின் பாஷையில் சொல்லத்தான் வக்கீல்.

மனிதர் பேசினார் பாருங்கள்! ரோமாபுரிச் சட்டத்தில் ஆரம்பித்து ஆட்டுக்கல்லுக்கு வந்து சேரவே மத்தியானம் ஆகிவிட்டதாம். அப்பா மெய்மறந்து கேட்டார். ஜட்ஜ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும் என்றார்.

அப்பா துள்ளி எழுந்துவிட்டார். தன்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. "மை லார்ட், இது ஆடி மாதம். ஆடியில் நாங்கள் வீடு மாறமாட்டோம்" என்றார் இங்கிலீஷில். வக்கீல் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த தோஷத்துக்கு, ஆடி முடியும்வரை அவகாசம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அப்பாவுக்கு அழுகை முட்டியது. வக்கீலோ விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மொஷாய், ஆடி முடிஞ்சா எங்களுக்கு என்ன மாசம் தெரியுமா? பாத்ரோ! உங்க ஆடி மாதிரிதான், அதுல நாங்க யாரும் வீடு மாறமாட்டோம்!"

அன்று சாயங்காலமே வீட்டுக்காரரின் மனைவியைப் பார்த்து அந்தச் சங்கதியைப் பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தொழிலில் எடுபட்ட ஒரே வாதம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆவணி பிறந்தது. வீட்டுக்காரர் கோர்ட் அமீனாவை அழைத்துக்கொண்டு படியேற வந்தார். அவர் மனைவியை நாங்கள் காகிமா என்று கூப்பிடுவோம். காகிமா படியின் குறுக்கே உட்கார்ந்திருந்தாள்.

"பாத்ரோ மாசத்துல வீட்டுப் பூனையைக்கூட வெளியே துரத்தமாட்டோம். பிள்ளைத்தாச்சியைத் துரத்தப் போறீங்களா?"

அமீனாவும் வங்காளிதானே. "மா சொல்றது சரிதான்" என்று டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த மாதம் பூஜைக்குக் கோர்ட் மூடிவிட்டது. அதற்குள் தம்பி பிறந்தான். காகிமா அவனை மடியிலிருந்து இறக்கவே இல்லை. வழக்கும் அத்தோடு படுத்துவிட்டது. இவன் அழுகைக்கு ஆட்டுக்கல்லே தேவலை என்று வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார்.

மார்கழியில் ஒரு காலை, வக்கீல் எங்கள் வாசலில் வந்து நின்றார். காலடியில் ஒரு ட்ரங்குப் பெட்டி, அதன்மேல் சட்டப் புத்தகங்கள். அவர் குடியிருந்த அறையைக் காலி செய்ய வைத்துவிட்டார்களாம். அந்தக் கேஸையும் அவரேதான் வாதாடியிருக்கிறார்.

"இந்த மாசம் உங்க ஆளுங்க குடி போகவும் மாட்டாங்க, வரவும் மாட்டாங்கன்னு தெரியும்" என்று வங்காளியில் இழுத்தார். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். காகிமா ஒரு பார்வை பார்த்தாள், வாய் மூடிக்கொண்டது.

ராகுகாலத்தில் முகச்சவரம்கூடச் செய்துகொள்ளாத அப்பா, ட்ரங்கின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். பதற்றத்தில் அவருக்கு வங்காளியும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை.

"குடி வர்றவாளுக்குன்னா மாசம் பார்க்கணும். நீங்க உங்க ஆத்துக்கு வரேள்" என்றார்.

வக்கீலுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.