முதுகில் இல்லாத காயம்

நான் கொழும்புக்குப் புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்த மாதா சிலையை, அந்தச் சுருவத்தை, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் கரையில் யாருக்காவது பெரிய சத்திரசிகிச்சை என்றால் அதுதான் வழக்கம். சுருவம் ஒரு நாள் வீட்டில் தங்கும். அயல் பெண்கள் கூடிச் செபமாலை சொல்வார்கள். அன்று முன்னால் முழந்தாளிட்டிருந்தவள் என் அக்கா.

“எங்கடை தங்கச்சியின்ரை முள்ளந்தண்டு ஒப்பிறேசன் நல்லபடி முடியவேணும்” என்று சொல்லித்தான் தொடங்கினாள். பின்னால் நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் முள்ளந்தண்டில் யாரும் கைவைக்கப் போவதில்லை.

எனக்கு இளவயதிலிருந்தே மார்பு பெரிது. மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் கனத்தது. உள்ளாடைப் பட்டி அழுத்தித் தோள் இரண்டிலும் விரல் வைக்கக்கூடிய பள்ளம் விழுந்திருந்தது. வெயில் காலத்தில் மார்பின் கீழ்த் தோல் வெந்து புண்ணாகும். பழைய பருத்திச் சேலையைத் துண்டுகளாக வெட்டி, தோய்த்து மடித்து, காலைக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என அலுமாரியில் அடுக்கி வைத்திருப்பேன். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் கழுத்திலிருந்து இடுப்பு நாரி வரை இழுக்கும். இது அழகுக்காகச் செய்வதில்லை, மார்பைக் குறைத்தால் நோவும் குறையும் என்று வைத்தியர் சொன்னபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தைத்தான் அக்காவிடம் கொண்டுபோக முடியவில்லை.

அக்காவின் இடது மார்பைப் புற்றுநோய்க்காக எடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்கு வைக்கத் தானே ஒரு சிறு பை தைத்துக்கொண்டாள். பஞ்சை மட்டும் அடைத்தால் பாரம் போதாமல் சட்டை ஒரு பக்கம் மேலேறுகிறது என்று பாசிப்பயறும் போட்டாள். ஒரு மாரியில், “பயறிலை வண்டு விழுந்திட்டுதடி, நெஞ்சை வெயிலிலை காயப்போட்டிட்டு வாறன்” என்று சிரித்தவள் அவள். அப்படிப்பட்டவளிடம், நோயில்லாத சதையை வெட்டி எறியப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? முதுகு என்றேன். நோவது முதுகுதானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

செபமாலை முடிந்ததும் அக்கா சுருவத்தைத் தொட்டு நேத்தி வைத்தாள். “இவள் நிமிர்ந்து நடக்குமட்டும் நான் மீன் வாயிலை வைக்கமாட்டன்.”

அக்கா வீடு, அத்தானும் மகன்மாரும் கடலுக்குப் போகிற வீடு. மீனில்லாமல் அங்கே சோறு இறங்காது.

“உதெல்லாம் வேண்டாம் அக்கா.”

“நேத்தி வைக்கிறது நான். உனக்கென்ன?”

சிகிச்சை நன்றாக முடிந்தது. திரும்பிவரும்போது, “உன்ரை அக்காவுக்கு இண்டைக்கே சொல்லிப்போடு” என்று பஸ்ஸில் என் கணவர் சொன்னார். ஓம் என்றேன். வீடு வந்து சேர்ந்து சொல்வதற்குள் அக்கா சுடுதண்ணி வாளியோடு அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டாள்.

“திரும்படி, காயம் நனையாமல் துடைச்சு விடுறன்.”

திரும்பினேன். சட்டையை உயர்த்தினாள். அவளுடைய விரல் கழுத்தடியிலிருந்து நாரி வரை மெல்ல இறங்கி வந்து நின்றது.

“காயம் எங்கை?”

தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். முன்னால் இருந்த கட்டுகளைக் கண்டதும் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கை தன் இடது பக்கத்துப் பையைப் பொத்திக்கொண்டது.

“உனக்குமோ? நான் தாங்கமாட்டன் எண்டோ மறைச்சனீ?”

இப்படி நினைப்பாள் என்று நான் யோசித்திருக்கவே இல்லை.

“இல்லை அக்கா, நோய் ஒண்டுமில்லை. பாரம் தாங்கேலாமல் குறைச்சனான். வெட்டினதைச் சோதிச்சும் பாத்தவை. ஒண்டுமில்லை.”

“சத்தியமா?”

“மாதா சத்தியமா.”

அழுதாள். பிறகு என் கையில் ஓங்கி ஒரு அடி போட்டாள். “மூதேசி! உயிர் போய் வந்திட்டுது.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “நான் பாரம் காணாதெண்டு பயறு போட்டுத் தைக்கிறன். நீ கூடிப்போச்செண்டு வெட்டிப்போட்டு வாறாய். அதிலை ஒண்டை எனக்குக் கொண்டந்திருக்கலாமே.”

சிரித்தபோது தையல் இழுத்தது. அழுகையும் வந்தது.

“கோவமோ அக்கா?”

“கோவம்தான். வெட்டினதுக்கில்லை. மாதாவுக்கு முன்னாலை என்னைக் கொண்டு முள்ளந்தண்டெண்டு சொல்லுவிச்சியே, அதுக்கு.”

பிறகு அவள் துணியைப் பிழிந்து, கட்டு நனையாமல் என்னைத் துடைத்துவிட்டாள்.

மத்தியானம் எனக்கு விளைமீன் சொதி வைத்திருந்தாள். தனக்குப் பூசணிக்காய்க் கறி.

“மீனைப் போட்டுச் சாப்பிடுங்கோ அக்கா. என்ரை முதுகிலை ஒண்டுமில்லையே.”

“நிமிர்ந்து நடக்குமட்டும் எண்டுதான் சொன்னனான். நீ ஏன் இன்னும் கூனிக்கொண்டு இருக்கிறாய்?”

கூனித்தான் இருந்தேன். மார்பை மறைத்து மறைத்துப் பழகிய கூனல். அன்று அவள் முகத்தைப் பார்க்க முடியாமையும் சேர்ந்திருந்தது. தோள்களை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தேன். தையல் சுள்ளென்றது. கீழே இழுக்கும் பாரம் இல்லை.

அக்கா சோற்றுக் கோப்பையிலிருந்து கண்ணை எடுத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம்” என்றாள். பூசணிக்காயைச் சோற்றோடு பிசையத் தொடங்கினாள்.