அன்னக்கொடியின் வெள்ளைத் துணி

போடி பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் கொடுக்கும் டீயை அன்னக்கொடி உடனே குடிப்பதில்லை. கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். மூக்கருகே கொண்டுபோவார். பிறகு கடைக்காரரைப் பார்ப்பார். "ஏலக்கா டீன்னு போர்டு வச்சிருக்கீக. வெறுந் தொலியப் போட்டுக் கொதிக்க வச்சிருக்கீக. அரிசி எங்கண்ணே போச்சு?" ஏலக்காய்க்குள் இருக்கும் விதையைத்தான் அரிசி என்கிறார். கடைக்காரர் சிரித்து மழுப்புவார். பதினோரு வருடமாக இதே கேள்வி, இதே சிரிப்பு. டீயைக் குடிக்காமல் போனதும் இல்லை.

ஊர் சிலமலை. வயது நாற்பத்தாறு. தொழில், சந்தேகப்படுவது. ஏலக்காய் வியாபாரிகள் மூட்டைக்கு விலை பேசும் முன் இவரைக் கூப்பிட்டனுப்புகிறார்கள். காய் இந்த வருடத்தியதா, பழைய சரக்கு கலந்ததா, பச்சை நிறம் செடி கொடுத்ததா, சாயம் கொடுத்ததா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சாயக் காய் ஒரு மூட்டை கலந்துவிட்டாலும் வெளிநாட்டுக்குப் போன சரக்கு மொத்தமும் திரும்பி வந்துவிடும். அதனால் "அன்னக்கொடி பாத்துருச்சா?" என்று கேட்காமல், சரக்கு வாங்கி வைக்கும் போடிக் கிட்டங்கிகளில் பல மூட்டைகள் தராசு ஏறுவதில்லை.

பத்திரிகைக்கு எழுத வந்திருக்கிறேன் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பத்திரிகைன்னா பேனா எங்க?" போனில் குறித்துக்கொள்வேன் என்றேன். "செருப்பு புதுசா இருக்கு, போனு பழசா இருக்கு. என்னமோ இடிக்குது தம்பி." இரண்டு நாள் நான் அவருக்கு வருமான வரிக்காரனாக இருந்தேன். மூன்றாம் நாள்தான் நிருபர் ஆனேன்.

இருபத்திரண்டு வயதில் காய் பொறுக்கும் கூலிக்கு வந்தவர். முப்பது பெண்கள் தரையில் உட்கார்ந்து சொத்தைக் காயையும் வெடித்த காயையும் தனியே பிரிப்பார்கள். மற்றவர்கள் காயைப் பார்த்தார்கள். இவர் வாங்க வந்தவர்களைப் பார்த்தார். யார் மூட்டையில் எங்கே கை விடுகிறார், எதைப் பிளந்ததும் முகம் சுளிக்கிறார், எந்த மூட்டைக்கு முன்னால் விற்பவர் சளசளவென்று பேசத் தொடங்குகிறார் என்பதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனித்தார். "அதிகம் பேசுறாகன்னா அடியில என்னமோ இருக்குன்னு அர்த்தம்" என்பது அன்று கற்றது. ஒருநாள் முதலாளி ஒரு மூட்டையை வாங்கப் போகையில், பொறுக்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே "அது போன வருசத்துக் காயி" என்று குரல் கொடுத்திருக்கிறார். பிளந்து பார்த்தார்கள். சொன்னது சரி. அன்றிலிருந்து அவரைத் தரையில் உட்காரச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

மூட்டையின் வாயிலிருந்து ஒருபோதும் காய் எடுக்க மாட்டார். "மேல இருக்கிறது மாப்ள வீட்டுக்குக் காட்டுற பொண்ணு. பவுடர் பூசித்தான் இருக்கும்." முழங்கை மறையக் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். காதருகே குலுக்குவார், நன்றாகக் காய்ந்தது கலகலக்கும். ஒன்றைப் பிளப்பார், அரிசி கறுப்பாக விரலில் ஒட்டினால் புதுசு, பழுப்பாக உதிர்ந்தால் பழசு. கடைசியாக ஈரக் கையில் நாலு காயைத் தேய்த்து, இடுப்பில் செருகியிருக்கும் வெள்ளைத் துணியில் கையைத் துடைப்பார். துணியில் பச்சை ஏறினால் மூட்டை வெளியே போகும்.

இந்த வெள்ளைத் துணி இரண்டு வருடமாகத்தான் இருக்கிறது என்று கிட்டங்கிக்காரர்கள் சொன்னார்கள். அவர் கட்டுவது மூன்றே மூன்று சேலை. மூன்றும் என்ன நிறம் என்று சத்தியம் செய்யக்கூட முடியாத அளவுக்கு வெளுத்தவை. கையில் வருமானம் உள்ள பெண்ணுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். அது தப்பு என்று பிறகு தெரிந்தது.

தோட்டம் பார்க்கலாம் என்று ஜீப்பில் குரங்கணிக்குப் போனேன். மேலே சரிவில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் பெரியகருப்பனிடம் அன்னக்கொடியின் பெயரைச் சொன்னதும், நீட்டிய தண்ணீர்ச் செம்பை அவர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இரண்டு வருடம் முன்பு தீபாவளி கழிந்த வாரம், வியாபாரி முத்துக்கிருஷ்ணனின் கிட்டங்கியில் அவருடைய காயைச் சாயம் என்று அன்னக்கொடி தள்ளியிருக்கிறார். அதன் பிறகு போடியில் அந்தக் காயை நாய்கூடச் சீந்தவில்லை.

"வெல போனாப் போகுது தம்பி. பஸ்சுல ஏறுனா 'சாயக்கருப்பன் வர்றான்'ங்கிறாய்ங்கெ. எம் மக காலேசு வரைக்கும் அந்தப் பேரு போயிருச்சு. அந்தப் பொம்பள எவன்கிட்டயோ கை நீட்டிருச்சு. இல்லேன்னா பச்ச போகாம இருக்கணும்னு வெயில் படாம ஒலர்த்துன காயி எப்படிச் சாயமாகும்?"

இறங்கி வரும்போது எனக்கும் அந்தச் சந்தேகம் தொற்றிக்கொண்டது. மறுநாள் டீக்கடையில் நேராகவே கேட்டேன். அன்னக்கொடி அன்று கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"காசெல்லாம் வாங்கல தம்பி. அன்னைக்கு நான் பச்சைச் சேல கட்டியிருந்தேன். தீவாளிக்கு எடுத்த புதுச் சேல. ஈரக் கைய முந்தானையில தொடச்சுட்டுக் காயத் தேச்சேன். கையெல்லாம் பச்ச. சாயம்னுட்டேன். அன்னைக்கு நான் பாத்தது அந்த ஒரு மூட்டதான். நாலாம் நாளு சேலய நனைச்சேன். வாளித் தண்ணி பூராம் பச்ச. ஊரையே சந்தேகப்பட்டவ எஞ் சேலயச் சந்தேகப்படல."

"அப்போதே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொன்னா மறுநா எவன் கூப்புடுவான்? எங் கண்ணுதான எனக்குச் சோறு."

எனக்குக் கோபம் வந்தது. உங்கள் சோற்றுக்கு அவர் பெயரா என்று கேட்டுவிட்டேன். அவர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். "புது எடுப்புக் காயி மலையிலருந்து எறங்கட்டும். அவர வரச்சொல்லி அதே கிட்டங்கியில வச்சுச் சொல்றேன். அதுக்கு முன்னாடி எழுதிப்புடாதீக." சொல்வார் என்று நான் நம்பவில்லை. அவரோடு ஒரு வாரம் சுற்றிய தோஷம்.

ஆவணியில் ஜீப் ஓட்டும் சின்ராசு மூலம் சொல்லி அனுப்பினார். நானும் போயிருந்தேன். பெரியகருப்பன் வந்தார். ஒரே ஒரு மூட்டையோடு, அதையும் தரையில் இறக்காமல் ஜீப்பின் பின்பக்கத்திலேயே கையை ஊன்றிக்கொண்டு நின்றார். முத்துக்கிருஷ்ணன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "சாயக்கருப்பன் காயா? வேணாம்த்தா, திருப்பி அனுப்பு" என்றார்.

"அவரு காயில சாயமில்லண்ணே. அன்னைக்குச் சாயம் எஞ் சேலையில இருந்துச்சு. நாந்தான் தப்பாச் சொல்லிப்புட்டேன்." குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதில்லை. ஆனால் தராசடியில் நின்ற எட்டுப் பேருக்கும் கேட்டது. ஒரு தரகர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். செய்தி மதியத்துக்குள் எல்லாக் கிட்டங்கிக்கும் போய்விடும் என்று அன்னக்கொடிக்கும் தெரிந்திருக்கும்.

பெரியகருப்பன் ஊன்றிய கையை எடுக்கவில்லை. முத்துக்கிருஷ்ணன்தான் பேசினார். "ரெண்டு வருசம் வாயத் தொறக்கலயே நீ. அப்ப இம்புட்டு நாளாத் தள்ளுன மூட்டையெல்லாம்? ஊரார் கைய நீ சோதிச்ச. ஒங் கைய யாரு சோதிக்கிறது?"

அன்னக்கொடி தண்ணீர் வாளியில் இரண்டு கையையும் முக்கினார். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று வெள்ளைத் துணியில் அழுத்தித் துடைத்தார். துணியை முத்துக்கிருஷ்ணனிடம் கொடுக்கவில்லை. ஜீப்பருகே போய்ப் பெரியகருப்பனிடம் நீட்டினார்.

பெரியகருப்பன் அதை ஒரு ஓரமாகப் பிடித்து வாங்கினார். நாலடி தள்ளி வெயிலுக்குப் போனார். இரண்டு கையாலும் விரித்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திருப்பி மறுபக்கமும் பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும் வரை அன்னக்கொடி மூட்டையைத் தொடாமல், ஈரம் காயாத இரண்டு கையையும் எதிலும் படாதபடி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார்.