டென்ஷன் நுழையாத வீடு

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் கிளிஃபர்டைப் போல் ராஜமரியாதையோடு வாழ்ந்தவர் யாருமில்லை. அவன் ஹெரோயினை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கிளினிக் டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார்: கவலையும் பதற்றமும் வந்தால் மூளையில் சில ஹார்மோன்கள் கூடும், போதையை விட்டு எத்தனை காலமானாலும் அவை பழைய ஆசையைத் தட்டி எழுப்பிவிடும். மனைவி லினெட் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் டென்ஷனுக்குத் தடை. டிவியில் பேட்மிண்டன் இறுதியாட்டம் கூடாது. மேல்வீட்டு புஷ்பவள்ளி அக்கா, "சாப்டியா தம்பி?" என்பதற்கு மேல் வாய் திறக்கமாட்டார். மோட்டார் பட்டறை முதலாளி மோகனராஜ் காதிலும் லினெட் போட்டுவைத்திருந்தாள். வாயைத் திறந்தாலே வசை பாடும் மனிதர், கிளிஃபர்ட் ஒரு எஞ்சினையே பாழாக்கியபோதும், "பரவால லா தம்பி" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் அவனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. வேலையைவிட்டுத் தூக்கப் போகிறார் என்று முடிவே கட்டிவிட்டான். வீட்டுக்கு வந்தால், லினெட் தன் அக்கா கிளாடிஸிடம் போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் வைத்துவிட்டாள். சரி, இவளும் கிளம்பிவிடுவாள் போல. பழைய ஆசை தலைதூக்கியது. கை தானாக மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துவிட்டது. ஹெரோயின் வாங்க எந்தச் சந்துக்குப் போகவேண்டும் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

வாசல்வரை போனவன் திரும்பி வந்து சாவியை அவளிடம் நீட்டினான்.

"இத நீ வச்சிக்க. அந்தச் சாமான் ஞாபகம் வந்துருச்சு. என்ன விட்டுட்டுப் போறியா லினெட்? சொல்லிரு."

"பைத்தியமா உங்களுக்கு?" அவள் குரல் உடைந்தது. "ஃபேக்டரில என்ன வேலையவிட்டு நிறுத்திட்டாங்க. போன மாசமே."

இத்தனை நாளும் காலையில் சீருடை மாட்டிக்கொண்டு அவள் போனது டத்தோ கிராமாட்டில் அக்கா வீட்டுக்கு. சொன்னால் இவன் மறுபடி போதையில் விழுந்துவிடுவானோ என்று பயம்.

"டென்ஷனே வரக்கூடாதுன்னா டாக்டர் சொன்னாரு? வந்தா யார்கிட்டயாச்சும் சொல்லிருன்னாரு. நீ பாதிதான் கேட்ருக்க லா," என்றான் கிளிஃபர்ட்.

அவள் சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. அவனுக்கோ உடம்பெல்லாம் இன்னும் அந்த ஆசைதான், விட்டபாடில்லை. முன்பெல்லாம் அவள் அழத் தொடங்கினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். இப்போது பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தான்.