பதினேழாம் நம்பருக்குப் பூசிய சந்தனம்

சர்வர் அறை வேலையில், மெஷின் ஓடும்வரை நம்மை யாருக்கும் தெரியாது. நின்றால் மட்டும் நம் பெயர் எல்லார் வாயிலும் வரும்.

மெஷின்கள் நின்ற அன்று கள்ளக்குறிச்சியில் எங்கள் மாடி அலுவலகத்தில் இருந்தவர்கள்: முதலாளி ரஹீம் பாய், இன்ஜினியர் சுமதி, கரும்பு விவசாயி ஏழுமலை, மெஷின் அறையைப் பார்த்துக்கொள்ளும் நான். ஆள் நான்கு, சர்வர் இருபத்து நான்கு. கரும்பு வண்டி எப்போது ஆலைக்குள் நுழையலாம் என்ற டோக்கனை விவசாயிகளின் போனுக்கு அனுப்புவது சர்வர்களின் வேலை. அவற்றை எண்ணி நோட்டில் எழுதுவது, எட்டாவதோடு நின்ற என் வேலை. எதையாவது எண்ணியே காலம் தள்ளுகிறவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

சந்தனம்

வினை ஆயுத பூஜையன்றே தொடங்கிவிட்டது. பாய் பொரிகடலை வாங்கிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றார். ஒவ்வொரு மெஷினுக்கும் நான் பொட்டு வைத்தேன். பதினேழாவதில் சந்தனம் அதிகமாகி, நம்பர் ஒட்டிய ஸ்டிக்கரையே மூடிவிட்டது. துடைக்கட்டுமா என்று கேட்டேன். பாய் சொன்னார்: “சாமிக்கு வச்சத தொடைக்காதீங்க பெரியவரே, காஞ்சா அதுவா உதிர்ந்துடும்.”

பட்டியல்

உதிரவில்லை. அடுத்த வாரம் சுமதி வேலைக்குச் சேர்ந்தார். ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து வேலை பார்ப்பது அந்தக் காலம் என்றார். பெயர்களை ஒரு பட்டியலில் ஏற்றிவிட்டு ஒரே கட்டளை கொடுத்தால், பட்டியலில் உள்ள அத்தனையும் ஒன்றாகக் கீழ்ப்படியுமாம். ஸ்டிக்கர்களைப் படித்தபடியே அறையைச் சுற்றிவந்து பட்டியல் போட்டார்.

திரையில் இருபத்து மூன்று. என் நோட்டில் இருபத்து நான்கு. ஒன்று குறைகிறதே என்று மெல்லச் சொன்னேன். சந்தனம் மூடியதுதான் விட்டுப்போயிருக்கும் என்று தெரிந்தும், பூசிய கை என்னுடையது என்பதால் அதைச் சொல்லவில்லை. அவர் மரியாதையாகவே சொன்னார்: “நோட்ட மூடி வைங்கய்யா, இனிமே எண்றதெல்லாம் அதுவே எண்ணிக்கும்.”

ஒரே கட்டளை

ஆலையில் கரும்பு அரவை தொடங்கியதும் புது மென்பொருளை ஏற்ற வேண்டி வந்தது. முதலில் இரண்டு மெஷினில் போட்டுப் பார்க்கலாமே என்றேன். முதல் தோசையைத் தின்று பார்த்துத்தானே மாவுக்கு உப்புப் போடுகிறோம். பாய்க்கு அவசரம், சுமதிக்கு நம்பிக்கை. பத்து நாற்பதுக்குக் கட்டளை போனது. அதில் ஒரு வரி தப்பு. கையால் செய்த காலத்தில் ஒரு தப்பு ஒரு மெஷினோடு போகும். இப்போது இருபத்து மூன்றும் ஒரே நொடியில் படுத்தன. பழையதை அழித்துவிட்டுத்தான் புதியது ஏறியிருந்தது. திரும்பிப் போகவும் வழியில்லை.

பதினொன்றே காலுக்கு ஏழுமலை படியேறி வந்தார். மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக்காரர். வெட்டிய கரும்பு டிராக்டரில் நிற்கிறது. பன்னிரண்டுக்குள் டோக்கன் வராவிட்டால் அடுத்த முறை நாலு நாள் கழித்துத்தான், அதற்குள் கரும்பு காய்ந்து எடை போய்விடும். மெஷின் கெட்டுவிட்டது என்று பாய் விளக்கினார். ஏழுமலை மெஷின் அறையின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்: “லைட்டெல்லாம் ஜோரா எரிஞ்சிக்கினு கீது, அப்புறம் இன்னா பாய் ரிப்பேரு?”

பதினேழு

பதினொன்று ஐம்பதுக்கு ஏழுமலையின் போன் ஒலித்தது. டோக்கன். எல்லாம் படுத்திருக்கும்போது அனுப்பியது யார் என்று சுமதி திரையைத் தேடினார். நான் உள்ளே போய், காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். பதினேழு. பட்டியலில் இல்லாததால் கட்டளை அதற்குப் போகவில்லை. வருகிற வேலையைப் பிரித்துக் கொடுக்கும், இந்தக் கணக்கில் சேராத முன்வாசல் மெஷினில் மட்டும், சுமதிக்கு முன்னால் இருந்த இன்ஜினியர் இருபத்து நான்கையும் எழுதி வைத்திருந்தார். அதனால் ஊர்ப்பட்ட வேலையும் இந்த ஒன்றின் தலையில் விழ, முக்கி முனகி அனுப்பிக்கொண்டிருந்தது.

சந்தனம் என் கைவேலைதான் என்று அப்போதுதான் ஒத்துக்கொண்டேன். சுமதி பதினேழில் இருந்த பழையதைப் பிரதி எடுத்து மற்ற இருபத்து மூன்றுக்கும் ஏற்றினார். இந்த முறை இரண்டு இரண்டாக. ஏழுமலை கிளம்பும்போது என்னிடம் குனிந்து சொன்னார்: “அதுக்கு மறுபடியும் சந்தனத்தப் பூசி வுடுங்க, இந்தம்மா கண்ணுல படாம இருக்கட்டும்.”

கட்டளை கேட்டு நடந்தது இருபத்து மூன்று, படுத்தது அதே இருபத்து மூன்று, என் நோட்டின்படி மிச்சம் ஒன்று.