மடிப்பக்காவுக்குக் குளிரெடுத்த நாள்

அந்தச் சலவைக்கடையில் எல்லோரும் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கால்சட்டையில் அவள் வைக்கிற மடிப்பு நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்தாலும் கலையாது. இருபது வருடமாகக் கடையின் பின்னறையில், நீராவி இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறவள். கை வேகம், வாய் அதைவிட வேகம், கோபம் எப்போதும் மூக்கு நுனியில்.

அப்படிப்பட்டவளுக்கு மார்பில் கட்டி வந்தது. வெட்டியெடுத்தார்கள். எங்கேயாவது ஒட்டிக்கொண்டு இருந்தால் அதையும் ஒழித்துவிட வேண்டும், கீமோ ஆரம்பிக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது அவள் கேட்டது ஒரே கேள்வி.

"வேலைக்குப் போகலாமா, கூடாதா?"

"உடம்பு இடம் கொடுத்தா போங்க. ஆனா ஒண்ணு, காய்ச்சல் முப்பத்தெட்டு டிகிரியைத் தொட்டா நேரங்காலம் பார்க்காம இங்க வந்துடணும். மருந்து ரத்தத்துல வெள்ளை அணுவைக் குறைச்சிடும். சின்ன கிருமி கூட ஆளை அடிச்சுப் போட்டுடும்."

முதல் வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மற்றதைக் கணவன் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற நல்ல மனிதன்.

வேலையை விடுவதற்கு அவள் தயாராக இல்லை. வீட்டில் இருந்தால் ஆளாளுக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். தங்கை காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போன் செய்து உயிரை வாங்கினாள். பழம் சாப்பிடு என்றாள், மறுநாள் பழம் தொடாதே என்றாள். எதிர்வீட்டுக்காரி யாரோ செத்துப்போன கதையை, அதுவும் ஆறுதல் சொல்கிறேன் என்று, ஆதியோடந்தமாகச் சொன்னாள். மடிப்பக்காவுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றால் ஒருத்தரும் "எப்படிம்மா இருக்கே?" என்று இழுத்துக் கேட்க மாட்டார்கள். "அந்த நீலச் சட்டை ஆச்சா?" என்றுதான் கேட்பார்கள். அது போதும் அவளுக்கு.

முதல் மருந்து ஏற்றிய நாள் முழுக்கக் காத்திருப்பிலேயே போனது. ரத்தம் எடுத்தார்கள், காத்திரு. ரிசல்ட் வரணும், காத்திரு. மருந்து கலக்குகிறார்கள், காத்திரு. கடைசியில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து நரம்பைத் தேடினால், அது போய் எங்கேயோ பதுங்கிக்கொண்டது. மூன்றாவது குத்தில்தான் கிடைத்தது. நர்ஸ் பெரிய ஊசிக்குழாயிலிருந்து சிவப்பு மருந்தை மெள்ள மெள்ளத் தள்ளினாள். வாய் புண்ணாகாமல் இருக்க ஐஸ் கட்டியை உறிஞ்சச் சொன்னாள். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினாள். ஆனாலும் வீட்டில் அதைப் பார்த்தபோது இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

வாந்தி வரும் என்று பயந்துகொண்டிருந்தாள். அது அவ்வளவாக வரவில்லை. வாந்தியை நிறுத்தக் கொடுத்த மாத்திரை வயிற்றைக் கட்டிப் போட்டதுதான் பெரிய அவஸ்தை. "இத்தனை பேர் இத்தனை புத்தி சொன்னாங்களே, இதை ஒருத்தராவது வாயைத் திறந்து சொன்னாங்களா?" என்று குளியலறைக்குள்ளிருந்தே கத்தினாள். வெளியே நின்ற கணவனுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எதைத் தின்றாலும் நாக்கில் இரும்பு ருசி. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார வேண்டியிருந்தது. தன் உடம்பு தன் பேச்சைக் கேட்காதது அவளுக்குப் பொறுக்கவே இல்லை.

இரண்டாவது வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். முதலாளி நாற்காலி போட்டார். அவள் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றாள்.

அன்று மாலை வீடு வந்ததும் கணவன் தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்தான். முப்பத்தெட்டைத் தாண்டிக் காட்டியது.

"கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"என்னங்க நீங்க! நாள் பூரா ஆவியில நின்னுட்டு வந்திருக்கேன். சூடு காட்டாம என்ன காட்டும்? இருபது வருஷமா இப்படித்தானே வர்றேன்."

அது உண்மைதான். வேலை முடிந்து வந்தால் அவள் உடம்பு அனலாகத்தான் இருக்கும். கல்யாணமான புதிதிலிருந்து அவனுக்குப் பழக்கம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். வழக்கமான சூடு என்றே பட்டது. அவள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீரைக் குடித்தாள். தெர்மாமீட்டரைத் தானே மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள். இறங்கிவிட்டது!

"பார்த்தீங்களா? அவசரப்படாம இருங்க."

குளிர்ந்த வாய்க்குள் வைத்த கருவி வேறு என்ன சொல்லும்? அது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலையில் உடம்பு அடித்துப் போட்டதுபோல இருந்தது. அசதி என்று அவளே ஒரு பெயரையும் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மதியத்துக்கு முன்பே அது நடந்தது. ஒரு பெரிய மனிதரின் கோட்டை விரித்து, நீராவியை விட்டாள். முகத்தில் ஆவி அடித்தது. அந்த ஆவிக்கு நடுவில் அவள் பல் கிடுகிடுத்தது. எல்லோருக்கும் வியர்த்து வழிகிற அந்த அறையில், அவளுக்கு மட்டும் குளிரெடுத்தது. உள்ளங்கையை இஸ்திரிப் பெட்டியின் பக்கத்தில் காட்டினாள். அப்போதும் குளிர் விடவில்லை.

அவள் முட்டாள் இல்லை. பெட்டியை அணைத்தாள். கோட்டைக் கலையாமல் ஹேங்கரில் மாட்டினாள். முன்பக்கம் போனாள்.

"முதலாளி, அவருக்குப் போன் போடுங்க. எனக்குக் காய்ச்சல். நேத்தே காய்ச்சல்தான்."

ஆஸ்பத்திரியில் காத்திருக்கச் சொல்லவே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கீமோ என்று சொன்ன நொடியே உள்ளே இழுத்துப் போய், ரத்தம் எடுத்து, கையில் கிருமியைக் கொல்லும் மருந்தை ஏற்றினார்கள். வெள்ளை அணு அடிமட்டத்துக்குப் போயிருந்தது.

"எப்பலேர்ந்து காய்ச்சல்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் தொட்டுப் பார்த்தேன் டாக்டர். எப்பவும் போலத்தான் இருந்துச்சு."

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் தண்ணியைக் குடிச்சு ஏமாத்தினேன்" என்றாள் மடிப்பக்கா. "என்னையே ஏமாத்திக்கிட்டேன்."

அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது. கணவன் மேல் இல்லை, டாக்டர் மேல் இல்லை. எந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஓடினாளோ, அந்த வேலையின் சூடே காய்ச்சலை மறைத்து அவளைச் சாவின் வாசல்வரை கொண்டுபோயிருந்தது. அதைத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

ஓரிரு நாளில் காய்ச்சல் விட்டது. சாப்பாடு கொண்டுவந்த கணவன் வழக்கம்போல அவள் கையைப் பிடித்தவன், திடுக்கிட்டு வாசலுக்கு ஓடினான்.

"சிஸ்டர்! சீக்கிரம் வாங்க! கை ஜில்லுனு இருக்கு!"

நர்ஸ் ஓடி வந்து பார்த்தாள். "ஒண்ணுமில்லைங்க. எல்லாருக்கும் இருக்கிற சூடுதான் இருக்கு. நல்லாதான் இருக்காங்க."

அவன் நம்பாமல் தன் கையைத் தொட்டான், அவள் கையைத் தொட்டான். இத்தனை வருடத்தில் அவளுடைய சொந்தச் சூடு என்னவென்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவளுக்கும்தான். அவன் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"கடைக்குப் போய்ச் சொல்லிடுங்க" என்றாள் அவள். "மருந்தெல்லாம் முடியிற வரைக்கும் நான் வரலை. வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லுங்க."

"சரிம்மா."

"புது ஆளு மடிப்பு எப்படி வைக்கிறாங்கன்னு மட்டும் என்கிட்ட வந்து சொல்லாதீங்க. நல்லா இருந்தாலும் சொல்லாதீங்க."