டிரஸ்ஸருக்குப் பூட்டிய சைட்கார்

1. பிரிக்ஃபீல்ட்ஸ் பட்டறை

கோலாலம்பூரில் செந்தூல் ரயில்வே பட்டறையில் ஆள் குறைத்தபோது என் பெயரும் பட்டியலில் இருந்தது. ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். பல மாதம் அலைந்த பிறகு, பிரிக்ஃபீல்ட்ஸில் ராஜமாணிக்கம் முதலாளியின் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை கிடைத்தது.

ரயில் இன்ஜினில் பழகிய கை, இங்கே வண்டிகளுக்கு அலங்காரம் செய்ய வந்தது. பெரிய அமெரிக்க மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் காட்டலாக்கைப் புரட்டி, அகலமான ஹேண்டில்பார், ஸ்பிரிங் வைத்த சீட், இரண்டாவது லாம்பு என்று கேட்பார்கள். சாமான் கப்பலில் வரும். படத்தில் பொருந்தியது வண்டியில் பொருந்தாது. ராவி, வளைத்து, துளை போட்டு, அதைப் பொருந்த வைப்பதுதான் என் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் வரவேண்டும். மாட்டேன் என்று சொன்னால் அந்த இடத்துக்கு வர வெளியே பத்துப் பேர் இருந்தார்கள். சொல்லவில்லை.

2. வலப்பக்கத்து சைட்கார்

ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில், மருந்து கொடுத்துக் காயம் கட்டும் டிரஸ்ஸராக இருந்தவர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர். ஊருக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன பெரிய அமெரிக்க வண்டி அவர் கைக்கு வந்திருந்தது. மருந்து வைக்க இரண்டு தோல் பைகள், ஒரு லாம்பு, வண்டியின் பக்கத்தில் ஆள் உட்கார மாட்டும் ஒற்றைச் சக்கரச் சைட்கார் ஆகியவற்றைக் காட்டலாக்கில் கோடு போட்டுக் காட்டினார்.

"சைட்கார் என்னத்துக்கு சார்? குடும்பத்தோட ஊர் சுத்தவா?" என்று முதலாளி சிரித்தார்.

"நோயாளியை ஏத்த. எங்கட தோட்டத்தில மாட்டு வண்டியைத் தவிர ஒண்டும் இல்லை. பிள்ளைப்பேறு சிக்கலெண்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு பகல் முழுக்கப் போயிடும்."

முதலாளி சிரிப்பை நிறுத்தினார்.

பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால், சைட்கார் வண்டியின் வலப்பக்கம் மாட்டுவதற்காகச் செய்தது. அமெரிக்காவில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுவார்கள். நமக்கு இடப்பக்கம் வேண்டும். வண்டியின் சட்டத்தில் இடப்பக்கம் சைட்காரை மாட்டும் பிடிப்புக் காதுகளே இல்லை. நான்கு காதுகளை நானே இரும்பில் செய்து, பித்தளையை உருக்கிச் சட்டத்தோடு ஒட்டிப் பிரேசிங் வைத்தேன். பிரேசிங்கில் பித்தளை இணைப்புக்கு உள்ளே ஓடவேண்டும். சூடு போதாவிட்டால் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பிடிப்பு இருக்காது.

மூன்று காதுகள் சரியாக அமைந்தன. நான்காவது, பின்பக்கத்துக் காது. சனிக்கிழமை மத்தியானம், களைப்பில் வைத்தது. பித்தளை உள்ளே ஓடவில்லை என்று எனக்குச் சந்தேகம். அறுத்துவிட்டு மறுபடி வைக்க இன்னும் அரை நாள் ஆகும். டிரஸ்ஸர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"என்னப்பா, முடிஞ்சுதா?" என்றார் முதலாளி.

"முடிஞ்சுது முதலாளி" என்று சொல்லிவிட்டு, அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். டிரஸ்ஸர் அன்றே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

3. ஞாயிற்றுக்கிழமை

காலையில் பட்டறைக்குப் போகாமல் ரவாங்குக்கு ரயில் ஏறினேன். டிரஸ்ஸரிடம் உண்மையைச் சொல்லி வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் நோக்கம். ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்குச் செம்மண் சாலையில் நடந்தேன். ஒரு மணி நேரம் நடந்திருப்பேன். ஒரு வளைவில் அந்த வண்டி நின்றது. சைட்கார் சக்கரம் உள்பக்கம் சாய்ந்து கிடந்தது. பின்பக்கத்துக் காது கழன்று தொங்கியது.

சைட்காரில் ஒரு பெண் பிரசவ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் புருஷன் முனியாண்டி, தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவன், சைட்காரைத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றான். டிரஸ்ஸர் என்னைப் பார்த்து, "நீர் எப்பிடி இங்க?" என்றார். ரப்பர் கிளை ஒன்றை ஒடித்து, சைட்காரைப் பிடிக்கும் கம்பியோடு சேர்த்து வைத்து, புதுத் தோல் பைகளின் வார்களை அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். டிரஸ்ஸர் வண்டியை நடை வேகத்தில் ஓட்டினார். நானும் முனியாண்டியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடந்தோம். ரவாங்கில் ஒரு லோரி கிடைத்தது. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது.

தாய் பிழைத்தாள். குழந்தை இறந்தே பிறந்தது.

முனியாண்டி வராந்தாவில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நீங்க மட்டும் அந்த ரோட்டுல வரலேன்னா என் பொண்டாட்டியும் போயிருப்பாண்ணே" என்று அழுதான். மெதுவாகக் கைகளை விடுவித்துக்கொண்டேன்.

டிரஸ்ஸரைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சந்தேகம் வந்தது, பெயிண்ட் அடித்தது, அவரைத் தேடி வந்தது.

"நாங்கள் தோட்டத்தில இருந்து வெளிக்கிட முதலே பிள்ளையின்ர அசைவு நிண்டிட்டுது" என்றார்.

பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "செவ்வாய்க்கிழமை வண்டியைக் கொண்டு வாறன். இந்தமுறை நான் பக்கத்தில நிண்டு பாப்பன்."

4. பிறகு

செவ்வாய்க்கிழமை வந்தார். முதலாளியிடம் நானே நடந்ததைச் சொல்லியிருந்தேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். "நீ சொல்லியிருந்தா நான் இன்னொரு நாள் குடுத்திருப்பேனே" என்றார். கொடுத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. சொல்லிப் பார்க்காததால் இனி யாருக்கும் தெரியாது. நான்கு காதுகளையும் அறுத்துப் புதிதாக வைத்தேன். டிரஸ்ஸர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கடைசிக் காது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வண்டி அதன்பின் பல வருடம் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது.

பட்டறைக்கு வேலை பழக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். களைப்பு குற்றமில்லை. "இது சரியா வரல, இன்னொரு நாள் வேணும்" என்று அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள். ஏச்சு வாங்கினால் வாங்குங்கள். அப்படிச் சொன்னதற்காகப் பின்னாளில் ஒரு வேலையை நான் இழந்திருக்கிறேன். அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

குழந்தையின் அசைவு முன்பே நின்றுவிட்டது என்று டிரஸ்ஸர் சொன்னது நடந்த உண்மையா, என்மேல் இரங்கிச் சொன்னதா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. அவர் எத்தனையோ முறை பட்டறைக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் கேட்க நினைத்து, டயரில் காற்றுப் பார்த்து அனுப்பினேன்.